தாத்தாவின் மைக்செட் பெட்டியில் 143 இசைத்தட்டுகள்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

மாயவரத்துக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் எங்கள் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் இரண்டு தகரப் பெட்டிகள் கிடைத்தன. என் தாத்தா 1950-களிலிருந்து மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் மைக்செட் வைத்துப் பிழைத்தவர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டியது அவர்தான். பெட்டிகளில் 143 தட்டுகள் இருக்கின்றன. 61 தட்டுகள் கனமானவை, கீழே விழுந்தால் ஓடு போல உடைகிற வகை. மீதி வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை: சிறிய ஈ.பி.யும் பெரிய எல்.பி.யும்.

ஒவ்வொரு காகித உறையின் மூலையிலும் தாத்தா பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று என்று ஐந்தைந்தாக. சில உறைகளில் இடம் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிருக்கிறது. ஒரே ஒரு உறையில் கோடு இல்லை. அதில் "வீட்டுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறார். அந்தத் தட்டின் லேபிள் ஈரத்தில் ஊறிப்போய், "நாகஸ்வரம்", "தோடி" என்ற இரண்டு சொற்களை மட்டுமே படிக்க முடிகிறது. அரிச்சந்திரா நாடக செட் ஒன்றும் இருக்கிறது. ஆறு தட்டில் மூன்றாவது இல்லை.

ஒரு வியாபாரி வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக எடுத்துக்கொண்டால் தட்டுக்கு 40 ரூபாய் என்றார். சித்தப்பாக்கள் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இதற்கிடையில் ஒரு தவறும் நடந்துவிட்டது. பூஞ்சை பிடித்த ஒரு தட்டை மருந்துக்கடை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். துணி முழுக்கக் கறுப்பாகிவிட்டது, தட்டின் மேல் விரல் ஒட்டுகிறது. இனி எதையும் தொடப் பயமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

ஊசிமுனை

முதலில் அந்த ஸ்பிரிட் பாட்டிலை மூடி எட்டாத இடத்தில் வையுங்கள். நீங்கள் சொல்லும் கனமான தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்தில் ஓடுபவை. அவை பிளாஸ்டிக் இல்லை. மரத்தில் பூச்சி கக்கும் அரக்கைக் கல்தூளுடனும் கரியுடனும் சேர்த்து அழுத்தியவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சர்கள் மெருகு தயாரிப்பதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். நீங்கள் துடைத்தது அழுக்கை அல்ல, பாட்டையே துடைத்துவிட்டீர்கள். அந்தத் தட்டு போனது போனதுதான், வருத்தமாக இருக்கிறது. மற்ற 60 தட்டுகளைக் காப்பாற்றலாம்.

செய்ய வேண்டியது இதுதான். காய்ச்சி வடித்த நீர் ஒரு லிட்டர் (பேட்டரிக்கு ஊற்றுவது போதும்), அதில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் மூன்று சொட்டு. குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி. பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் தேய்க்க வேண்டும், குறுக்கே ஒருபோதும் கூடாது. லேபிளில் ஒரு சொட்டு நீர் படக்கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை அலசி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். தொட்டியில் ஊறப்போடாதீர்கள். கொலம்பியா தட்டுகளில் பலவற்றுக்கு உள்ளே காகித அடுக்கு உண்டு. ஓரத்தில் சிறு வெடிப்பு இருந்தாலும் நீர் உள்ளே போய் உப்பிவிடும்.

அடுத்தது முள். இதில்தான் பலரும் தட்டுகளைக் கொல்கிறார்கள். 78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி.யின் பள்ளம் அதில் பாதிகூட இருக்காது. எல்.பி. முள்ளை 78 தட்டில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உருண்டுகொண்டு போகும், சுவரைத் தொடாது. கேட்பது வெறும் இரைச்சல்தான். 78-க்கென்று தனி முள் கிடைக்கிறது, ஒன்று வாங்கிவிடுங்கள். தாத்தாவின் பழைய கிராமபோன் இருந்தாலும் அதில் ஓட்டாதீர்கள். அதன் தலை நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். இன்றைய நல்ல டர்ன்டேபிளில் எல்.பி.க்கு ஒன்றரை முதல் இரண்டு கிராம்தான்.

கடைகளில் சூட்கேஸ் போல மூடித் திறக்கும் சிறிய பிளேயர்கள் அழகாக அடுக்கியிருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முள்ளின் எடையைச் சரிசெய்ய அவற்றில் வழியே இருக்காது.

அல்லிக்குளம்

தம்பி, 40 ரூபாய்க்குக் கொடுக்காதீர்கள். அதே சமயம், இணையத்தில் ஒருவர் ஒரு தட்டுக்கு ஐயாயிரம் என்று போட்டிருப்பதைப் பார்த்து 143-ஆல் பெருக்கியும் விடாதீர்கள். நான் சென்னையின் பழைய மூர்மார்க்கெட் சந்தைக் காலத்திலிருந்து தட்டு வாங்குகிறவன். 1985 மே 30 அன்று அது எரிந்தபோது பழைய புத்தகமும் இசைத்தட்டும் எவ்வளவு சாம்பலாயின என்று கணக்கிட ஆளில்லை. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள், நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். என் பெயரும் அதனால் வந்ததுதான்.

சந்தையின் உண்மை ஒன்றைச் சொல்கிறேன். மைக்செட்காரர் வீட்டுத் தட்டு என்றால் வியாபாரிகள் பாதி விலைதான் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஊர் கேட்ட பாட்டுகள் அவை. ஒரே முகூர்த்தத்தில் ஒரே பாட்டைப் பத்துமுறை ஓட்டியிருப்பார்கள். இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்று என்று மாற்ற வேண்டும். கல்யாண அவசரத்தில் யார் மாற்றுவார்கள்? தேய்ந்த முள் பள்ளத்தை உழுதுவிடும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மினுக்கம் போய்ச் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அது உழுத தட்டு.

ஆனால் உங்கள் தாத்தா கோடு போட்டு வைத்திருக்கிறார்! இத்தனை ஆண்டில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அது ஓட்டிய கணக்காகத்தான் இருக்க வேண்டும். எந்தத் தட்டு எவ்வளவு தேய்ந்தது என்று அவரே உங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோடு குறைந்த தட்டுகளை முதலில் எடுங்கள். ஊரில் யாரும் விரும்பிக் கேட்காத பாட்டுதான் நன்றாகப் பிழைத்திருக்கும். பெரும்பாலும் அரியதும் அதுதான்.

விற்பதோ வைப்பதோ பிறகு. முதலில் பட்டியல் போடுங்கள். லேபிளில் உள்ள எண்ணை மட்டுமல்ல, லேபிளுக்கும் பாட்டுக்கும் நடுவே வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுதுங்கள். லேபிள் அழிந்தாலும் அந்த எண் அழியாது. உங்கள் தோடிக்கும் அதுதான் சாட்சி. எச்.எம்.வி. எல்.பி. என்றால் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தைப் பாருங்கள். ஈ.சி.எல்.பி. என்றால் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ. நாகஸ்வரத் தோடி என்றதும் அந்த ராகத்துக்குப் பேர்போன திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று மனம் ஓடும். எனக்கும் ஓடியது. எண் தெரியும்வரை அப்படி யாரிடமும் சொல்லாதீர்கள்.

நீலவானம்

நான் இந்த இழையிலேயே வயதில் சிறியவளாக இருப்பேன் என்று நினைக்கிறேன், எனக்கு 24. என்னிடம் பழைய தட்டு ஒன்றுகூட இல்லை. மூன்று வருடமாகப் புதிதாக அச்சிட்ட எல்.பி.கள் வாங்குகிறேன், இதுவரை 19. அதற்கே சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடுகிறது. சூட்கேஸ் பிளேயரில்தான் தொடங்கினேன். ஊசிமுனை அண்ணா சொல்வது சரி. ஆறு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த தட்டில் 'ச' வரும் இடமெல்லாம் கரகரவென்று ஆகிவிட்டது. பிறகுதான் சேமித்து நல்ல டர்ன்டேபிள் வாங்கினேன்.

ஆனால் புதுத் தட்டு வாங்குகிறவர்களை அலங்காரப் பிரியர்கள் என்று பெரியவர்கள் ஒதுக்குவது வலிக்கிறது. கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பல்லவி முடிவதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடும். எல்.பி.யில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும். அதனால் அந்த இருபது நிமிடமும் நான் அங்கேயே இருக்கிறேன். ஒரு பக்கத்தின் நான்காவது பாட்டை, பெயரே கேள்விப்படாத பாட்டை, நான் முழுதாகக் கேட்டது தட்டில்தான். வீணை வாசித்தவர் யார், பாடல் எழுதியவர் யார் என்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு படித்ததும் அப்போதுதான்.

ஊசிமுனை

தங்கையை ஒதுக்குகிற எண்ணம் எனக்கில்லை. தட்டு வாங்குகிற இளைஞர்கள் இல்லையென்றால் இன்று முள் செய்கிறவரும் இருக்கமாட்டார், பெல்ட் செய்கிறவரும் இருக்கமாட்டார். அமெரிக்காவில் 2022-இல் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன, சி.டி. 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு முந்தியது அந்த ஆண்டில்தான். அந்த அலையில்தான் எனக்கு இன்று 78 முள் தபாலில் வீடு வருகிறது.

என் குறை வேறு இடத்தில். மறுபதிப்பு எல்.பி. உறையில் "அசல் அனலாக் ஒலி" என்ற தோரணையில் எழுதுகிறார்கள். பல தட்டுகள் டிஜிட்டல் கோப்பிலிருந்து வெட்டியவை. அது தவறில்லை. நல்ல கோப்பிலிருந்து நன்றாக வெட்டினால் அருமையாகவே இருக்கும். எதிலிருந்து எடுத்தோம் என்பதை உறையில் ஒரு வரி எழுதினால் என்ன? மூவாயிரம் ரூபாய் கொடுப்பவருக்கு அந்த ஒரு வரி கேட்க உரிமை இல்லையா?

இந்த மறுமலர்ச்சி எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தட்டு அச்சடிக்கும் முன் 'லாக்கர்' என்ற மெருகு பூசிய அலுமினியத் தகட்டில் பள்ளத்தை வெட்டுவார்கள். அந்தத் தகட்டைச் செய்த இரண்டே ஆலைகளில் ஒன்று கலிபோர்னியாவில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ். 2020 பிப்ரவரியில் அது தீப்பிடித்து அழிந்தது. மிஞ்சியது ஜப்பானிலுள்ள எம்.டி.சி. ஒன்றுதான். செம்பில் நேரடியாக வெட்டும் முறை வேறு உண்டு, ஆனால் அதற்கான இயந்திரங்கள் உலகில் மிகச் சில.

வெண்கலக்குரல்

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. தட்டில் இதம் அதிகம், டிஜிட்டலில் உயிர் இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம். நான் முப்பது ஆண்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன். எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் முள்ளுக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளுக்கு அருகே வரும்போது 20-தான். அதே பாட்டை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கொஞ்சம் மங்கலாகவும் கரகரப்பாகவும் கேட்கும். ஆரவாரமான பாட்டை முதலிலும் மெதுவான பாட்டைக் கடைசியிலும் வைக்கச் சொல்லி நாங்கள் கெஞ்சுவோம். தட்டில் தாழ்ந்த ஸ்வரங்களைக் குறைத்தும் உச்ச ஸ்வரங்களைக் கூட்டியும் வெட்டி, கேட்கும்போது தலைகீழாகச் சரிசெய்கிறோம். இத்தனை சமரசமும் செய்து அந்த இசை நம்மைத் தொடுகிறதென்றால் அது வெட்டியவரின் கைத்திறன். அளந்து பார்த்தால் சி.டி.தான் தட்டைவிட நேர்மையான பதிவு, சந்தேகமில்லை.

கேசட் திரும்பி வருகிறது என்று மகிழ்கிறவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தட்டு நூறு ஆண்டு இருக்கும், நாடா இருக்காது. வீட்டில் பாட்டி பேசிய கேசட், கச்சேரியில் நேரில் பதிந்த கேசட் இருந்தால் தட்டுகளுக்கு முன்னால் அவற்றை இந்த மாதமே நகலெடுங்கள்.

கொழும்புத்துறை

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அந்த நிலையத்தின் இசைத்தட்டு நூலகம் இல்லையென்றால் தமிழ்நாட்டிலேயே கிடைக்காமல் போன எத்தனையோ பாட்டுகள் எங்கள் காதுக்கு வந்திருக்கமாட்டா. ஆகவே மாயவரத்துத் தம்பியிடம் நான் கேட்பது ஒன்றுதான்: விற்றாலும் சரி, வைத்தாலும் சரி, முதலில் நகலெடுங்கள்.

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி.கிட்டப்பாவை எண்ணிப் பாருங்கள். 1933-இல், 27 வயதில் போய்விட்டார். தமிழ் பேசும்படம் 1931-இல்தான் வந்தது, அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. மேடையில் கேட்ட தலைமுறையும் போய்விட்டது. அந்தக் குரல் இன்று உலகில் இருப்பது மூன்றரை நிமிடத் தட்டுகளில் மட்டும். அவற்றில் ஒன்று ஒரு வீட்டுப் பரணில் ஸ்பிரிட்டால் துடைக்கப்பட்டால் அவ்வளவுதான். மும்பையில் உள்ள இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தார் வீடு வீடாகத் தேடி ஓடியன் என்ற கம்பெனியின் தட்டுகளைத் திரட்ட, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தில் அவை மின்வடிவம் பெற்றன. சென்னையில் ஏவி.மெய்யப்பன் கூட்டாளிகளுடன் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற அதே ஓடியன்தான். பெட்டியில் அந்த லேபிள் இருந்தால் உடனே எழுதுங்கள்.

நகலெடுப்பவர்கள் செய்யும் பெரிய பிழை வேகம். 78 என்று பெயரே தவிர, பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல. வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். "அந்தக் காலத்தில் எல்லோரும் ஐந்து கட்டையில் பாடினார்கள்" என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு தவறான வேகத்தால் வந்த வியப்போ என்று எனக்கு ஐயம் உண்டு. பின்னணியில் ஆர்மோனியம் இருந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். ஆர்மோனியக் கட்டைகளுக்கு நடுவே சுருதி நின்றால் வேகம் தவறாக இருக்கக்கூடும்.

வெண்கலக்குரல்

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் நகலில் இரைச்சலை நீக்காதீர்கள். உயர்தரக் கோப்பாக (24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்), அப்படியே இரைச்சலோடு ஒன்று வைத்துவிட்டு, இன்னொரு நகலில் சுத்தம் செய்யுங்கள். இரைச்சலை நீக்கும் மென்பொருள் தம்புராவின் ரீங்காரத்தையும் இரைச்சல் என்றே எண்ணித் தின்றுவிடும்.

மாயவரத்துக்காரன்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சித்தப்பாக்களிடம் தவணை கேட்டு, ஊசிமுனை அண்ணா சொன்ன முள்ளையும் ஒரு பழைய மூன்று வேக டர்ன்டேபிளையும் வாங்கினேன். இதுவரை 44 தட்டுகளைக் கழுவிவிட்டேன். கோடு பற்றி அல்லிக்குளம் ஐயா சொன்னது அச்சுப்போலச் சரி. கோடு நிறைந்த தட்டுகள் சாம்பல் நிறம், கோடு குறைந்தவை கறுப்பாக மினுக்குகின்றன. தாத்தாவிடம் சிறுவயதில் வேலை பார்த்த ஒருவரைத் தேடிப்பிடித்தேன். கல்யாண வீட்டில் ஒரு தட்டு எத்தனை முறை ஓடியது என்று இரவு வந்து அரிக்கேன் வெளிச்சத்தில் கோடு போடுவாராம். நூறு ஆனதும் அந்தத் தட்டைக் கல்யாணத்துக்கு எடுக்கமாட்டாராம், வயலில் நடவு வேலைக்குத்தான் ஓட்டுவாராம்.

"வீட்டுக்கு மட்டும்" தட்டைக் கடைசியில்தான் எடுத்தேன். பூஞ்சை வெள்ளை வெள்ளையாக வட்டத் திட்டுகள் போலப் படிந்திருந்தது. ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. முள்ளை வைத்ததும் மழை பெய்வது போல ஓர் இரைச்சல், அதற்கு அடியிலிருந்து தவிலே இல்லாமல் நாகஸ்வரம் மட்டும் எழும்பியது. காந்தாரத்தில் வந்து நின்று, அசைந்து அசைந்து, விடவே இல்லை. வாசிப்பவர் மூச்சு இழுக்கும் ஓசைகூடக் கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து வந்து வாசற்படியில் நின்றார். தாத்தா வெள்ளிக்கிழமை காலையில் இதைப் போடுவார், அந்த நேரம் யாரும் தண்ணீர்க்குடம்கூட நகர்த்தக்கூடாது என்றார். மூன்று நிமிடத்தில் பாதியில் நின்றது போல முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டேன், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

வளையத்தில் பொறித்த எண்ணை நிழற்படம் எடுத்து அல்லிக்குளம் ஐயாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். விற்பனை இல்லை என்று முடிவாகிவிட்டது. 143-க்கும் பட்டியல் போட்டு, நகல் எடுத்து, கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். ஓடியன் லேபிள் ஏழு இருக்கின்றன, கொழும்புத்துறை ஐயா. இனி எனக்கு வேண்டியது அரிச்சந்திராவின் மூன்றாவது தட்டு, ஐந்தாம் ஆறாம் பக்கங்கள். சந்திரமதி மயானத்துக்கு வருவதற்கு முன்னால் கதை அறுந்து நிற்கிறது.

அல்லிக்குளம்

எண் கிடைத்தது தம்பி. நான்கு இலக்கம் தெளிவாகத் தெரிகிறது, ஐந்தாவது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். இரண்டு எண்ணுக்கும் இரண்டு வேறு வித்வான்கள் வருகிறார்கள், அவசரப்பட்டு ஒரு பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை.

அரிச்சந்திரா என்னிடம் இருக்கிறது. உங்கள் செட்டேதானா என்று லேபிள் எண்ணை ஒப்பிட வேண்டும். என்னுடையதில் மூன்றும் நான்கும் மட்டும்தான், மற்றவை 1985 தீயில் போயின. மூன்றாவதில் ஓரத்திலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு விரிசல். முதல் ஒரு நிமிடம் சுற்றுக்கு ஒருமுறை டக் டக் என்று அடிக்கும், பிறகு தெளிவாக இருக்கும். தபாலில் அனுப்பமாட்டேன், உடைந்துவிடும். சென்னைக்கு வரும்போது நேரில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டிய ஒட்டுப்பலகை இரண்டு, பழைய வேட்டி ஒன்று கொண்டுவாருங்கள். ரயிலில் மேல் பலகையில் வைக்காதீர்கள், மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு போங்கள்.